கயிறு கட்டிய கை

அவர் செத்த அன்று எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். குடித்தே செத்தான். ஷாமியானா போட்டவர் சொன்னார், மாலை வாங்கிவந்த உப்பள மேஸ்திரி சொன்னார், ஐஸ் பெட்டி இறக்கிய டிரைவர், யார் எவர் என்றே தெரியாதவர், முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சொன்னார். அவருடைய மனைவி எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஈரல் கெட்டுத்தான் செத்தார், குடித்துத்தான் ஈரல் கெட்டது, மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வார்த்தையோடு எனக்கு ஒரு தகராறு. நாலு வருஷமாகிறது. தகராறு ஊரோடா, அவர் மனைவியோடா, இல்லை என்னோடேயா என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மகளைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இதைப் படித்த யாராவது பின்னாளில் அந்தப் பிள்ளைகளைப் பெண் பார்க்கப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொண்டால் அந்தப் பாவம் எனக்குத்தான். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தார், உப்பளத்தில் வேலை. நான் மரக்காணம் கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். வாய் சும்மா இருக்காது. வயிற்றுவலி என்று வருகிறவனிடம்கூட எந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டாய் என்று கேட்டுச் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவேன். இந்தக் குணத்தை அப்போதெல்லாம் நான் ஒரு சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் குணம் வேறு. சொன்னதைச் செய்வார். நல்ல மனுஷன்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பத்து நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று தெரியும். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘வர்றேன்’ என்று சொல்ல மாட்டார், ‘போறேன்’ என்பார். பெண்கள் பதறுவார்கள். என்ன பேச்சு பேசுகிறீர்கள் என்று என் மனைவியே திட்டியிருக்கிறாள். திரும்ப வருவேனா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்பார். ஒரு தடவை மேஸ்திரி, நான் வருகிற வரைக்கும் இந்த மடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மச்சானுக்கு அடிபட்டுவிட்டதென்று திண்டிவனம் ஓடிவிட்டார். இவர் மடைக்குப் பக்கத்திலேயே நின்றார். சாப்பாட்டுக்கு வரவில்லை. உச்சி வெயிலில் அளத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியாது, மூடிக்கொண்டே நின்றிருக்கிறார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது கூப்பிட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் மேஸ்திரியைப் போனில் பிடித்துப் பேசவைத்துத்தான் கூட்டிவந்தார்கள்.

குடியிலும் அதே கதைதான். குடித்தால் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எல்லாப் புருஷன்மார்களும் சொல்வதுதான். இவர் நிஜமாகவே வரவில்லை. மாட்டுக் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். மழை அடித்தாலும், அண்ணி வாசலில் நின்று கெஞ்சினாலும், சொல்லியிருக்கேன் இல்ல என்பதோடு சரி. மாட்டை விற்ற பிறகும் அவருக்காகவே அந்தக் கொட்டகையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். வாரத்தில் நாலைந்து நாள் அவருக்கு அங்கேதான் படுக்கை.

ஒரு விஷயத்தை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும்தான் சொல்லலாம், புரிந்துகொண்டேன் என்று சொல்வதற்கில்லை. குடித்த நாளில் அவர் வாயே திறக்க மாட்டார். குடிக்காத நாளில்தான் தனியாகப் பேசுவார். சைக்கிளில் போகும்போது, முகம் கழுவும்போது, ‘சரிங்க’, ‘அப்படியெல்லாம் செய்ய மாட்டேங்க’, ‘கொஞ்சம் மெதுவா சொல்லுங்க’ என்று யாருக்கோ பதில் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆளுக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார், அவ்வளவு மரியாதை. இப்போது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஊரே தனியாகத்தான் பேசுகிறது, அதனால் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தவர்களும் குடிகாரன் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். குடிக்காதபோதுதானே பேசுகிறார் என்று ஒரு நாள் மேஸ்திரியிடம் கேட்டேன். நேற்றுக் குடித்தது இறங்கியிருக்காது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஐப்பசியில் அளத்தில் வேலை இருக்காது. மழை விழுந்து பாத்திகள் எல்லாம் குளமாகிக் கிடக்கும். ஆண்கள் சும்மா இருப்பார்கள், சும்மா இருக்கும் ஆண்கள் எங்கே போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐப்பசியில் அண்ணி என்னிடம் வந்தார். மகளுக்கு வரன் பார்க்க வேண்டும், அதற்குள் அவருக்குக் கயிறு கட்டிவிட வேண்டும், உன் வண்டியில் கூட்டிக்கொண்டு போ, நீ சொன்னால் கேட்பார் என்றார்.

கயிறு கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. குடியை விடுகிறவன் குளித்து ஈரத் துணியோடு அம்மன் முன்னால் நிற்க வேண்டும். பூசாரி கற்பூரம் ஏற்றி, எத்தனை மாசம் என்று கேட்பார். அவனவன் தைரியத்துக்குத் தக்கபடி மூன்று மாசம், ஆறு மாசம் என்று சொல்லி, எந்தப் போதையும் தொடமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் அடித்து அணைக்க வேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். கெடு முடிந்த அன்று வந்து அவிழ்த்துக்கொண்டு, அதே பஸ்ஸில் நேராக ஒயின்ஷாப்பில் போய் இறங்குகிறவர்களும் உண்டு.

அவரிடம் பூசாரி கேட்டபோது அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கெடு எதற்கு என்று திருப்பிக் கேட்டார். பூசாரி என்னைப் பார்த்தார். ஆறு மாசம் என்று சொல்லுங்கள் அண்ணா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் காதில் சொன்னேன். அவர் கேட்கவில்லை. எந்தப் போதையும் எப்பவும் தொடமாட்டேன் என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தார். திரும்பும் வழியில் என்னண்ணா, ஆயுள் தண்டனையே வாங்கிட்டீங்களே என்று கிண்டல் செய்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்த மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தெருவே அவரை மெச்சியது. அண்ணி கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் முருங்கைக் கொம்பு நட்டார். ஆனால் அவருடைய பேச்சு கூடிக்கொண்டே வந்தது. குடியை விட்டால் நரம்பு தளரும், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று பழைய குடிகாரர்கள் வைத்தியம் சொன்னார்கள்.

தை பிறந்து அளம் தொடங்கியது. முதல் வேலை பாத்தி மிதிப்பது. சேறு இறுகித் தரையானால்தான் உப்பு சுத்தமாக இறங்கும். அதற்காக இருபது பேர் வரிசையாக நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி, ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே நகர்வார்கள். அவர் நடு வரிசையில், ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். என்னப்பா என்று கேட்டதற்கு, ‘அங்க மிதிக்காதன்றாங்க’ என்றிருக்கிறார். முதலில் சிரித்தார்கள். தூக்கிய கால் இறங்கவே இல்லை. தொடை நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, கால் மட்டும் இறங்கவில்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி அவரைக் கைத்தாங்கலாக வரப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். கயிறு கட்டியும் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று அன்று சாயங்காலமே கடைத்தெருவில் பேச்சு வந்துவிட்டது.

மறுநாள் நான் அண்ணியிடம் பிடிவாதம் பிடித்து, இரண்டு பேரையும் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். அவர் எங்களைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். குடித்தால் அந்தக் குரல் கேட்குமா, கேட்காதா? கேக்காதுங்க என்றார். அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. இது குடியால் வந்ததில்லை, வெகுநாளாக இருக்கும் நோய், சத்தத்தை அமுக்கத்தான் குடித்திருக்கிறார், மாத்திரையை விடாமல் போட்டால் குறையும் என்றார் டாக்டர். நான் அங்கேயே உட்கார்ந்தபடி குழம்பிப்போனேன். அப்படியென்றால் ஐப்பசியில் நான் வண்டியில் கூட்டிப்போய் நிறுத்தியது எதை? அவருடைய குடியையா, அவருடைய மருந்தையா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூனிமேடு தாண்டியதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“குடிகாரன்னா சொல்லிக்கலாம் தம்பி, எல்லா வீட்லயும் இருக்குது. இதை எப்படி வெளிய சொல்றது? வம்சத்துலயே இருக்குதுன்னுவாங்க. எம் பொண்ணை யாரு எடுப்பாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, அந்த வீட்டில் யாருக்காவது புத்தி சரியில்லாமல் இருந்ததா என்று நாலு தெரு சுற்றி விசாரித்தது என் அம்மா. அப்பன் குடிப்பானா என்று அவள் கேட்கவே இல்லை. அதனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் என்று தெருவில் சொல்வதாக முடிவாயிற்று.

மாத்திரையை என் கடையில்தான் வாங்கினார்கள். அவரும் கூட வந்திருந்தார். பயந்துபோய் நிற்கிறாரே, கொஞ்சம் லேசாக்கலாம் என்று நினைத்து என் வழக்கப்படி வாயைத் திறந்தேன். இதைப் போட்டால் குவார்ட்டர் உள்ளே போன மாதிரி சுகமாகத் தூக்கம் வரும் அண்ணா, ஒயின்ஷாப்பில் வரிசையில் நிற்கிற வேலையும் மிச்சம் என்றேன். அண்ணிகூட லேசாகச் சிரித்தார். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஐந்து மாதமும் அவருக்கு மாத்திரை கேட்கவே இல்லை. மாதாமாதம் புதுச்சேரி போனார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அண்ணியிடம் கேட்பார்கள். நானே கையில் கொடுக்கிறேன் என்பார் அண்ணி. அளவைக் கூட்டி எழுதுவார்கள். நானும் கடையில் அண்ணியிடம்தான் கேட்டேன். இத்தனை பேரும் அவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டோம்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் வந்தார். ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை மேஜை மேல் வைத்தார். கழுவிக் காயவைத்த பாட்டில். உள்ளே முக்கால் வாசி மாத்திரை.

வேறு யாருக்காவது ஆகும், வீணாகப் போகிறது என்றார். ஏண்ணா சாப்பிடல என்று கேட்டேன். அண்ணி மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பாராம். இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். சாப்பிட்டியா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அதனால் அவர் பொய்யும் சொல்லவில்லை. கயிறு கட்டிய கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். எந்தப் போதையும் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாராம். இது குவார்ட்டர் மாதிரி என்று நான்தானே சொன்னேன்?

அது கிண்டலுக்குச் சொன்னது அண்ணா, இது மருந்து, போதை கிடையாது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எது கிண்டல், எது நெஜம்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? ஏற்கனவே ரெண்டு பேரு பேசறது கேக்குது. நீயாவது ஒண்ணா பேசக்கூடாதா?”

பூசாரியைக் கேட்டேன். மருந்துக்குத் தடை இல்லை, என் எதிரே கூட்டிவா, அம்மன் முன்னால் சொல்லிக் கயிற்றை மாற்றிக் கட்டுகிறேன் என்றார் அவர். ஒரு அரை நாள் வேலை. ஆனால் அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. கிளியனூர் வரன் கூடிவந்திருந்தது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். அந்தக் கோயில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போய்வருகிற கோயில். யாராவது பார்த்து என்ன ஏது என்று கேட்டால், எந்த மருந்துக்கு என்று பூசாரி சொல்லிவிட்டால்? மூன்று வாரம்தானே தம்பி, நிச்சயம் முடியட்டும் என்றார். மூன்று வாரம்தானே என்று நானும் நினைத்தேன்.

நிச்சயத்தன்று காலை வேனில் இருபது பேர் வந்திறங்கினார்கள். வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று அண்ணி அவரிடம் சொல்லியிருந்தார். அவரும் சரி என்றிருந்தார். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, வந்த இருபது பேருக்கும், குழந்தைக்குக்கூட, தனித்தனியாக வாங்க சொன்னார். பிறகு உட்கார்ந்தார். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினார்.

இல்லைங்க, அவங்க நல்லவங்கதாங்க, எம் பொண்ணை அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க என்றார். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்காக அவர் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

யாரிடம் பேசுகிறார் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். அண்ணி ஒரு நொடி தாமதிக்கவில்லை. பெண் வேறு வீட்டுக்குப் போகிறாளே என்ற துக்கம், இத்தனை மாதம் தொடாமல் இருந்தவர் இன்று தவறிவிட்டார், மன்னிச்சிடுங்க என்றார். தாய்மாமன் தங்கமான மனுஷன். எழுந்துபோய் அவர் தோளில் கை போட்டார். போட்டிருக்கீங்களா சம்பந்தி என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் அண்ணியைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த வாழைப்பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாங்க,” என்றார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்பன் என்றால் அப்படித்தான் என்றார் ஒருவர். நம்ம ஆளுதான் என்றார் இன்னொருவர். தட்டு மாறியது. தெருவில் போட்டிருந்த பந்தலில் இலை போட ஆரம்பித்தபோதுதான் அவரைக் காணோம் என்று எனக்கு உறைத்தது. 

எங்கே போயிருப்பார் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒயின்ஷாப் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். மூடிய ஷட்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், நடுவில் பட்டு வேட்டியோடு அவர். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். பந்தி ஆரம்பித்துவிட்டது, வாங்க என்றேன்.

“ஆமான்னு சொல்லிட்டனேப்பா,” என்றார்.

பெண்ணுக்காகச் சொன்னது, அது ஒன்றும் தப்பில்லை என்றேன். பெண்ணுக்காகச் சொல்கிற வார்த்தை பொய்யாக இருக்கலாமா என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தால் வந்திருப்பார், கனமான ஆள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது, இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. வாசனை வந்தால் நல்லதுதானே, யாருக்கும் சந்தேகம் வராதே என்று நினைத்தேன். ஷட்டர் மேலே ஏறியது. நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அரை மணி நேரத்தில் பந்தலுக்குத் திரும்பினோம். அவர் பாயச வாளியை வாங்கிக்கொண்டு பந்தியில் இறங்கினார். கால் தடுமாறவில்லை. பத்து மாதத்தில் அவரை அவ்வளவு அமைதியாக நான் பார்க்கவில்லை. யாருக்கும் பதில் சொல்லாமல், யாரையும் கெஞ்சாமல், ஒவ்வொரு இலையாகக் குனிந்து கேட்டுக் கேட்டு ஊற்றினார். சாம்பாரோடு எதிரே வந்த அண்ணிக்கு வாசனை தெரிந்துவிட்டது. நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த இலைக்குப் போனார்.

அன்றிலிருந்து நாலு வருஷம் அவர் விடாமல் குடித்தார். குடித்தவன் கட்டக்கூடாது என்று கயிற்றை அவரே கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்துவிட்டார். இனிமேல் மாத்திரை போடலாமே என்று நான் அண்ணியிடம் எத்தனையோ தடவை சொன்னேன். இப்பதான் பேசறதில்லையே தம்பி என்பார். ஆமாம், பேசவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

நிச்சயத்தன்று வேன் கிளம்பிப் போன பிறகு அவர் பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் பாயசம் சிந்தியிருந்தது. என் பக்கம் சாய்ந்தார்.

“ஆமான்னு நான் சொன்னது இப்ப நெஜம்தானப்பா?”

“ஆமாண்ணா,” என்றேன்.